நெத்திலிக்கு முப்பத்தோராயிரம்

லூசியம்மாளுக்கு நான் ஆயிரத்து நூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல, முப்பத்தாறு வருஷம். கொடுக்க வழியில்லாமல் அல்ல. ஆயிரத்து நூறு என்ன, அதைப்போல் ஆயிரம் மடங்கு இந்தக் கை வழியாகப் போய் வந்திருக்கிறது. அவள் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

லூசியம்மாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் எழுதுகிறவன் யாரென்று தெரியாமல் படிப்பது, கடைக்காரன் முகத்தைப் பார்க்காமல் சாமான் வாங்குகிற மாதிரி. என் பெயர் தனசீலன். சாயர்புரம் பக்கம் பிறந்தேன். ஐந்தாம் வகுப்பில் பெயிலானேன். பாஸாகியிருந்தால் இன்று எவனோ ஒருவனுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன். பெயிலானதால் எனக்குக் கணக்கு எழுத இரண்டு பேரை வைத்தேன். பதினாறு வயதில் மும்பைக்கு வந்து, பந்தல் போடுகிற ஒரு சேட்டிடம் கயிறு பிடிக்கச் சேர்ந்தவன், முப்பத்திரண்டு வயதில் சொந்தமாக நாற்காலி வாடகைக் கடை வைத்தேன். தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் கல்யாணமோ அடக்கமோ எது நடந்தாலும் ஜனங்கள் என் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். நல்ல நாளில் என்னிடம் இரண்டாயிரத்து நானூறு நாற்காலி இருந்தது. எலெக்ஷனுக்கு நின்றவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைத் திட்டக் கூட்டம் போட்டவர்களும் என் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரிடமும் முன்பணம் வாங்கியவன் நான்.

இப்போது எழுநூறு இருக்கிறது. போதும். எழுநூறு பேருக்குமேல் ஒருவன் கூப்பிட்டால் அதில் பாதிப் பேரை அவனுக்கே தெரியாது.

லூசியம்மாள் உடன்குடிப் பக்கத்துப் பெண். எழுபத்தொன்பதில் புருஷனோடு வந்து, எங்கள் சந்தில் மூன்றாவது வீட்டில் குடியேறினாள். புருஷனுக்கு டிராம்பேயில் ஒரு காண்டிராக்டரிடம் பெயிண்ட் அடிக்கிற வேலை. எண்பத்து மூன்று ஜூன் மாதம் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். அவர்கள் மகள் கிளாராவுக்கு அப்போது இரண்டு வயது. அன்று மழை என்றால் அப்படி ஒரு மழை. துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார இடமில்லாமல் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். நான் சேட்டைக் கேட்காமலே கோடவுனைத் திறந்து இருபது நாற்காலியும் ஒரு தார்ப்பாயும் தூக்கிக்கொண்டு வந்து போட்டேன். சேட் மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்தான். பிடிக்கட்டும். அந்தப் பிரேதத்துக்குப் பக்கத்தில் ஜனங்கள் மரியாதையாக உட்கார்ந்தார்களா இல்லையா?

ஊருக்குத் திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அடக்கம் முடிந்து நாற்பதாம் நாள், டிராம்பே பஸ் ஏறிப் போய், அங்கே மீன் விற்கிற கோலிப் பெண்களிடம் ஒரு கூடை கருவாடு வாங்கி வந்து லேபர் கேம்ப் முனையில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். மராட்டி ஒரு வார்த்தை தெரியாது. விரலைக் காட்டித்தான் விலை பேசினாள். ஆறே மாதத்தில் அந்தப் பெண்களுக்குச் சமமாகச் சண்டை போடுகிற அளவுக்கு மராட்டி வந்துவிட்டது. கூடையோடு பஸ்ஸில் ஏறவிடாத கண்டக்டர்கள் ஒரு வருஷம் கழித்து, "மௌசி, கடைசி சீட்" என்று, சித்தி முறை வைத்து அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

வாடிக்கைக்காரருக்கு அவள் அளந்து போடுவதைப் பார்க்க வேண்டும். ஊர் வழக்கப்படி, முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டாள். "லாபம்" என்பாள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. மும்பைக்கு வந்து எத்தனையோ பேர் எதை எதையோ விட்டுவிட்டார்கள். அவள் அதை விடவில்லை.

எண்பத்தாறில் செம்பூரில் ஒருவர் பந்தல் கடையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டேன். நாற்பது மடக்கு நாற்காலி, ஒன்று நாற்பத்தைந்து ரூபாய், மொத்தம் ஆயிரத்து எண்ணூறு. என்னிடம் எழுநூறு இருந்தது. பாக்கிக்குச் சொந்தக்காரர்களைத் தேடிப் போனேன். சித்தப்பா வீட்டில் காப்பி கொடுத்தார்கள். மைத்துனன் வீட்டில் காப்பியும் இல்லை. சாயங்காலம் லேபர் கேம்ப் முனையில் வந்து நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, என்ன, மூஞ்சி செத்துப்போய் நிக்கிய?" என்று லூசியம்மாள் கேட்டாள்.

சொன்னேன். சாக்குக்கு அடியிலிருந்து ஒரு பால் டின்னை எடுத்தாள். எண்ணினாள். ஆயிரத்து நூற்றுப் பதினைந்து இருந்தது. பதினைந்தைத் தான் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா லூசி, பேப்பர்ல எழுதித் தாரேன்."

"எனக்கு வாசிக்கத் தெரியாது. உங்களுக்கு எழுதத் தெரியுமா?"

"கையெழுத்துப் போடுவேன்."

"அத வச்சு நான் கருவாடு மடிக்கவா? போங்க அண்ணாச்சி, பொழுது போகுது. அடுத்தவன் எடுத்துறப் போறான்."

அந்த நோட்டுகளைக் கொடுத்தபோது செம்பூர்க்காரர் மூக்கைப் பொத்தினார். நாற்காலியைக் கொடுத்தார்.

இரண்டு வருஷத்தில் தொழில் நிமிர்ந்தது. ஆயிரத்து நூறும் வட்டி நானூறும் கவரில் போட்டுக்கொண்டு போனேன். அவள் வாங்கவில்லை. "இப்ப எனக்கு என்ன அவசரம்? கேக்கும்போது தாங்க" என்றாள். மறுவருஷம் போனேன். "கேக்கலயே" என்றாள். கிளாராவுக்குப் பள்ளிக்கூட ஃபீஸைக் கட்டினேன். அடுத்த நாள் என் வீட்டுக்கு ஃபீஸுக்குச் சரியான எடையில் வாளைக் கருவாடு வந்தது. கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்காரி மூலமாகப் பட்டுச்சேலை கொடுத்தனுப்பினேன்; என் வீட்டுக்காரிக்கு அவள் ஒரு பட்டுச்சேலை கொடுத்தாள். விட்டுவிட்டேன்.

ஆனால் எனக்கு அது முள்ளாகவே இருந்தது. நான் நாலு பேர் கூடின இடத்தில், "இந்தத் தனசீலன் எவனுக்கும் ஒரு பைசா பாக்கி கிடையாது" என்று சொல்லுகிற ஆள். சொல்லும்போதெல்லாம் கூட்டத்தில் எங்கேயாவது லூசியம்மாள் இருப்பாள். சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள்.

இனி எங்கள் கோயில் விஷயம். எங்கள் பக்கத்தில் சர்ச்சைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும்தான் சொல்லுவோம். வருஷத்துக்கு ஒரு தரம் நவம்பரில் அறுப்பின் பண்டிகை வரும். ஊரில் என்றால் நெல்லும் பூசணியும் வாழைத்தாரும் கொண்டுவந்து ஆல்டருக்கு முன்னால் படைப்பார்கள். ஆராதனை முடிந்து அதை ஏலம் விட்டுப் பணத்தைக் கோயிலுக்குச் சேர்ப்பார்கள். மும்பையில் வயலுக்கு எங்கே போவது? அவரவர் தொழில்தான் அவரவர் வயல். தோல் வேலைக்காரன் பெல்ட் கொண்டுவருவான். முறுக்குப் போடுகிறவள் முறுக்கு. நான் ஒரு புது நாற்காலி. ஏலத்தில் நூறு ரூபாய்ச் சாமான் ஆயிரத்துக்குப் போகும். ஆண்டவருக்குக் கொடுப்பது ஒரு பங்கு, அடுத்தவனைப் பார்த்து ஏற்றுவது மூன்று பங்கு. அதிலும் நான்தான் எப்போதும் முதல்.

தொண்ணூற்றொன்றில் லூசியம்மாள் முதல் தடவையாகக் காணிக்கை கொண்டுவந்தாள். அதுவரை உண்டியலில் போடுவதோடு சரி. வாசலுக்குப் பக்கத்தில் கடைசிப் பெஞ்சின் கடைசி மூலைதான் அவள் இடம். அவளாகவே எடுத்துக்கொண்ட இடம் என்று எல்லாரும் சொன்னோம். அவள் எத்தனை சோப்புப் போட்டாலும் உடம்பில் கருவாட்டு வாசம் இருக்கும். அவள் உட்கார்ந்தால் பெஞ்சில் பக்கத்தில் இரண்டு ஆள் இடம் காலியாகும். அன்றைக்கு வெள்ளைத் துணியில் இரண்டு கிலோ நெத்திலியை முடிந்து, பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் மூலைக்குப் போனாள். ஆராதனை தொடங்குவதற்குள் கமிட்டிக்காரர் ஒருவர் கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளைக்குக் கண்ணைக் காட்ட, அவர் முடிச்சைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே செருப்பு விடுகிற இடத்தில் வைத்தார். கண்ணைக் காட்டின கமிட்டிக்காரர் யாரென்று கேட்காதீர்கள். அந்த வருஷம் கமிட்டியில் ஐந்து பேர் இருந்தோம்.

லூசியம்மாள் பார்த்தாள். எழுந்து வெளியே போய், செருப்புகளுக்கு நடுவில் தன் முடிச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐயரும் பார்த்திருக்கிறார். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அங்கியோடு நடந்து வெளியே போனார்.

"ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"என் காணிக்கை எங்க இருக்கோ அங்க இருக்கேன், ஐயரே."

ஐயர் குனிந்து முடிச்சைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். "நம்ம ஆண்டவர் மீன்காரங்க கூடவே சுத்தினவரு. அவருக்கு இது பழகின வாசம். நமக்குத்தான் புதுசு. எந்திரிங்க, உங்க வீட்டுக்குள்ள நீங்க வாரதுக்கு யார்ட்ட கேக்கணும்?" என்றார். முடிச்சைத் தானே கொண்டுபோய் ஆல்டருக்கு நேரே வைத்தார். லூசியம்மாளும் எழுந்து உள்ளே வந்து தன் மூலையில் உட்கார்ந்தாள். அன்று பிரசங்கம் ஐந்து நிமிஷம்கூட இல்லை. என் வீட்டுக்காரி பெண்கள் வரிசையில் முன் பெஞ்சிலிருந்து எழுந்து, பின்னால் போய் லூசியம்மாளுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் உட்கார்ந்தாள். இன்றுவரை அங்கேதான் உட்காருகிறாள். நான் ஆயிரம் நாற்காலி வாங்கினேன். எங்கே உட்காருவது என்பது அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

ஏலத்தில் அந்த நெத்திலிக்கு யாரும் வாய் திறக்கவில்லை. நான் எழுந்தேன். "ஐந்நூறு!" அந்த நாளில் ஐந்நூறுக்கு ஒரு ஆட்டுக்கிடாய் வரும். அன்றிலிருந்து லூசியம்மாளின் நெத்திலி என்றால் அது தனசீலனுக்கு என்று சபையில் ஒரு வழக்கமே ஆகிவிட்டது. வருஷத்துக்கு வருஷம் நானே ஏற்றினேன். ஆயிரம், மூவாயிரம், பத்தாயிரம். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் இருபதாயிரம்.

ஒரு தடவை அவளிடம் சொன்னேன்: "இந்தா பாரு லூசி, உன் ஆயிரத்து நூறுக்கு இதுவரைக்கும் லட்சத்துக்கு மேல குடுத்தாச்சு. கணக்குத் தீந்துது."

"அது கர்த்தருக்குக் குடுத்தது அண்ணாச்சி. எனக்கு எங்க குடுத்திய?" என்றாள்.

அடுத்த மார்ச்சில் லாக்டவுன் வந்தது. இரண்டு வருஷம் கல்யாணமில்லை. நடந்தாலும் ஐம்பது பேர். அடக்கத்துக்கு இருபது பேர். அவர்களும் தூரத்தூர நின்றார்கள், உட்காரவில்லை. கோடவுன் வாடகை நிற்கவில்லை. இரும்பு நாற்காலிகளைப் பழைய சாமான் வாங்குகிற பங்கார்க்காரன் எடைக்கு எடுத்தான். நாற்காலி என்று கூடச் சொல்லவில்லை, இரும்பு என்றான். கணக்கு எழுதினவர்களை அனுப்பினேன். காசிமின் டெம்போவில்தான் என் சாமான் போகும், வரும். எட்டு மாத வாடகை அவனுக்குப் பாக்கி. காசிம் மேலப்பாளையத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது இளையவன், முப்பது வருஷச் சினேகம். அவன் கேட்கவில்லை. நான் வெளியே எவரிடமும் மூச்சுவிடவில்லை. வெள்ளைச் சட்டையை முன்னைவிட விறைப்பாக இஸ்திரி போட்டேன்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு நவம்பர். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கோயிலில் அறுப்பின் பண்டிகை. பேங்கில் என் பெயரில் ஆறாயிரம் ரூபாய் இருந்தது. நெத்திலியை ஐயாயிரத்தோடு முடித்துவிடலாம், காலம் அப்படி என்று ஜனங்களுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனேன். "ரெண்டாயிரம்" என்று ஆரம்பித்தேன். கோயில்பிள்ளை, "ஒரு தரம்" என்றார்.

"அஞ்சாயிரம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். பிரைட்டன். செம்பூரில் ஈவென்ட் கம்பெனி நடத்துகிறவன், முப்பத்தைந்து வயது, வெல்வெட் உறை போட்ட நாற்காலி சப்ளை செய்கிறவன். என் பாதி வியாபாரம் அந்த வெல்வெட்டில்தான் போனது. எனக்குக் காது சூடேறியது. முப்பத்தோரு வருஷமாக என் நெத்திலி.

"பத்து" என்றேன்.

"பதினஞ்சு."

"இருபத்தொண்ணு!" அவன் உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சு" என்றான். நான் இருபத்தாறு. அவன் முப்பது. அவன் குரல் கொஞ்சம் நடுங்கினதை நான் கவனித்தேன். என் பலத்துக்குப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

"முப்பத்தோராயிரம்!"

பிரைட்டன் மறுபடி பெண்கள் பக்கம் பார்த்தான். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கை தட்டினார்கள். நானும் நிமிர்ந்து நின்றேன். கடைசி மூலையில் லூசியம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏலப் பணத்தை அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் கட்ட வேண்டும். கட்டாதவர் பெயரை அறிவிப்பு நேரத்தில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். நல்ல சட்டம். அதைக் கமிட்டியில் கொண்டுவந்தவனே நான்தான்.

"என்ன வேய், ரெண்டு கிலோ நெத்திலி முப்பத்தோராயிரமா?" என்று காசிம் திங்கட்கிழமை வந்து நின்றான். "அந்த வெலைக்குத் திமிங்கலத்தையே உசுரோட வீட்டுல கொண்டாந்து விட்டுருவானே!"

"கர்த்தருக்குக் குடுக்கது. உமக்குப் புரியாது."

"எனக்கு ஏன் புரியாது? அல்லாவுக்குக் குடுக்கும்போது நாங்க கைல இருக்கத குடுப்போம் வேய். இல்லாதத ஏலத்துல கூவி குடுக்க மாட்டோம். துட்டு இருக்கா?"

"இருக்கு."

அவன் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். "சரி" என்று போய்விட்டான்.

என் கையில் பணமில்லை என்கிற விஷயம் தெரியாமல் வீட்டுக்காரி அன்றைக்கே நெத்திலியைக் குழம்பு வைத்துவிட்டாள். தட்டில் போட்டாள். எண்ணிப் பார்த்தேன், ஒரு மீனுக்கு முப்பது ரூபாய் விழுந்தது. தட்டை நகர்த்தி வைத்தேன். செவ்வாய், புதன், வியாழன், தெரிந்த கதவையெல்லாம் மனசுக்குள் தட்டினேன். நிஜத்தில் ஒரு கதவையும் தட்டவில்லை. வாங்கிப் பழகாத கை. கோயிலில் என் பெயரை வாசிக்கிற சத்தம் மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐம்பது வருஷம் கட்டின பெயர் ஒரு அறிவிப்பில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குப் பிறகு வரும் ஞாயிறுகளுக்கு என்ன வியாதி சொல்வது?

சனிக்கிழமை மத்தியானம் கிளாராவிடமிருந்து போன் வந்தது. "மாமா, அம்மா உங்களக் கடைக்கு வரச் சொன்னா. ஜல்தி." கிளாரா கல்யாணில் குடியிருக்கிறாள், செம்பூரில் ஒரு ஆபீஸில் வேலை. சனிக்கிழமை அம்மாவிடம் வருவாள்.

இப்போது அது சாக்குக் கடை இல்லை. லேபர் கேம்ப் முனையில் தகரக் கூரையும் தராசும் உள்ள கடை. லூசியம்மாளுக்கு அறுபத்தைந்து வயது. நான் போனதும் கவிழ்த்து வைத்த மீன் கிரேட்டைக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

"நாளைக்குக் கோயில்ல துட்டு கட்டணும்லா?" என்றாள்.

"கட்டுவேன்."

"எங்கேருந்து?"

"அது உனக்கெதுக்கு? தனசீலன் என்னைக்கு வாக்குத் தவறுனான்?"

"காசிம் அண்ணாச்சி எல்லாம் சொல்லியாச்சு. பங்கார், வாடகை, எல்லாம். பண்டிகைக்கு முந்தியே சொல்லியாச்சு."

"அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது."

"அவியளத் திட்டாதிய. அதுக்குப் பொறவு நான் செஞ்ச கிறுக்குத்தனத்தக் கேளுங்க. அண்ணாச்சி கையில துட்டு இல்லாம நிக்காவ, சும்மாவும் இருக்க மாட்டாவ, அதனால இந்த வருஷம் என் நெத்திலிய நீ எடுத்துருலே, எவ்வளவு ஆனாலும் துட்டு நான் தாரேன்னு பிரைட்டன்ட்ட சொன்னது நாந்தான். உங்களக் காப்பாத்த அனுப்புனா, நீங்க அந்தப் பையன விரட்டி விரட்டி ஏத்துதிய! முப்பதாயிரம் ஆனதும் பாவம், அவனுக்கே பேதியாயிட்டு."

கிளாரா கல்லாவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். "மாமா, பிரைட்டன் சொல்றான், ஆன்ட்டி கண்ணைக் காட்டுவாங்களா மாட்டாங்களான்னு பாத்துப் பாத்து அவன் கழுத்தே புடிச்சிக்கிச்சாம்!"

வெல்வெட் நாற்காலிக்காரன் என்னை மிதிக்க வந்தான் என்று ஒரு வாரமாக அவனை மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தேன். அவன் எனக்குக் குடை பிடிக்க வந்திருக்கிறான். நான் குடையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நனைகிறேன் என்று நின்றிருக்கிறேன்.

லூசியம்மாள் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். "இது முப்பத்தஞ்சு. என் அடக்கத்துக்குன்னு சேத்தது. கிளாரா காலைல பேங்குல எடுத்துட்டு வந்தா. இதுல முப்பத்தொண்ண எடுத்துக்கங்க."

"நடக்காது" என்றேன். எழுந்துவிட்டேன். "ஏற்கனவே உன் ஆயிரத்து நூறு என் தலைமேல இருக்கு. பாக்கி வச்ச இடத்துல மறுபடியும் வாங்குறவன் இல்ல நான். பேர் வாசிச்சா வாசிக்கட்டும்."

"அப்பிடியா?" என்றாள். கோபமில்லை. கருவாடு அளக்கும்போது வாடிக்கைக்காரர் முகத்தைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. "அப்ப மொதல்ல அதத் தாங்க."

"எத?"

"ஆயிரத்து நூற. கேக்கும்போது தாங்கன்னு சொன்னேன்லா? இப்பக் கேக்கேன்."

கையை நீட்டினாள். உப்பிலும் செதிலிலும் நாற்பது வருஷம் ஊறி, ரேகையெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெடித்த கை. என் சட்டைப் பையில் ஆயிரத்து நானூறு இருந்தது. அரிசிக்கு வைத்திருந்தது. இரண்டு ஐந்நூறும் ஒரு நூறும் எடுத்தேன். முப்பத்தாறு வருஷம் இந்த நிமிஷத்தை எப்படியெல்லாமோ நினைத்து வைத்திருந்தேன்: சபை நடுவில், மாலையோடு, தட்டில் பழம் வைத்து. கடைசியில் வெயிலில், ஈ மொய்க்கிற இடத்தில், அரிசிப் பணத்தை எடுத்து வைத்தேன். வட்டியைக் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

அவள் அதைச் சேலை முந்தியில் முடிந்தாள். "தீந்துதா?"

"தீந்துது."

"இப்ப எனக்கும் உங்களுக்கும் ஒரு பாக்கியும் இல்லல்லா?"

"இல்ல."

"அப்ப உக்காருங்க அண்ணன். கைய நீட்டுங்க."

அண்ணாச்சி என்று சந்தில் எல்லாரையும்தான் சொல்லுவாள். அண்ணன் என்று அவள் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தேன். ஆனாலும் கை எழும்பவில்லை.

"உன் அடக்கத்துக்கு வச்சதும்மா இது."

"நான் செத்தா என்னத் தூக்க அண்ணன் வராம இருந்துருவியளா? இல்ல நாற்காலிக்கு வாடகை கேப்பியளோ?"

"சீ! எந்த வாய்ல அப்பிடிச் சொல்லுத? எழுநூறு நாற்காலியையும் கொண்டாந்து போடுவேன்."

"போட்டா உக்கார ஆள் வேணும்லா? நீங்க நாளைக்குக் காய்ச்சல்னு படுத்துக்கிட்டா, எனக்கு யாரு இருக்கா? அந்தக் கோயில்ல இருக்கவிய விட்டா எனக்கு வேற குடும்பம் ஏது அண்ணன்?"

காய்ச்சல் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்ததோ.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலியை எண்ணி இறக்க வேண்டும், எண்ணி ஏற்ற வேண்டும். ஒன்று குறைந்தால் கல்யாண வீட்டிலேயே சண்டை போட்டிருக்கிறேன். ஆண்டவர் வீட்டையும் அப்படித்தான் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்: இவ்வளவு கொடுத்தேன், அதனால் எனக்கு முன் பெஞ்சு. லூசியம்மாள் செருப்புக்கு நடுவிலிருந்து எழுந்து உள்ளே வந்த நாளில், அவள் எதையும் கொடுத்து வரவில்லை. கூப்பிட்டார்கள், வந்தாள். அவ்வளவுதான் அந்த வீட்டுக்கு வழி. இது எனக்கு யாரும் பிரசங்கம் பண்ணித் தெரியவில்லை. மீன் கிரேட்டில் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது.

"சரி. எப்பத் திருப்பித் தரணும்?" என்றேன்.

"பாத்தியா கிளாரா!" என்று லூசியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "மறுபடியும் தொடங்கிட்டாவ!"

"மாமா, லே லோ நா, வாங்கிக்கோங்க" என்றாள் கிளாரா. கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

கையை நீட்டினேன். கொடுக்கும்போது என் கை எப்போதும் மேலே இருக்கும். அடியில் வைத்து, விரலை விரித்து, வானத்தைப் பார்க்க நீட்டுவது எப்படியென்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. லூசியம்மாள்தான் தன் இடது கையால் அதை அடியிலிருந்து தாங்கிப் பிடித்தாள். கட்டை விரலை நாக்கில் தொட்டு, முதல் ஐந்நூறை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"லாபம்" என்றாள்.

அப்புறம் ரெண்டு. மூணு. நாலு. பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்; பார்க்கட்டும் என்று இருந்தேன். பேங்கிலிருந்து காலையில் வந்த நோட்டிலும் அதற்குள் நெத்திலி வாசம். ஒவ்வொரு நாற்காலியையும் இரண்டு தடவை எண்ணுகிற நான், அவள் அறுபத்திரண்டு என்று சொல்லிக் கடைசி நோட்டை வைத்து என் விரல்களை மடக்கிவிடும்வரை, ஒன்றையும் எண்ணவில்லை.